விவாதமின்றிச் சட்டம்: அவை விதிகள் யாருக்காக?

(நாடாளுமன்ற நடைமுறை குறித்து, கட்சி உறுப்பினர்களுக்கான அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2020 செப்டம்பர் 20, ஞாயிற்றுக்கிழமை. மாநிலங்களவையில் இரண்டு வேளாண் மசோதாக்கள் விவாதத்தில் இருந்தன. அவற்றுக்கு முன்னோடியாகப் பிறப்பிக்கப்பட்ட அவசரச் சட்டங்களை ஏற்க மறுக்கும் தீர்மானத்தை மார்க்சிஸ்ட் கட்சி உறுப்பினர் கே.கே. ராகேஷ் முன்மொழிந்திருந்தார். மசோதாக்களைத் தெரிவுக்குழுவின் ஆய்வுக்கு அனுப்ப வேண்டும் என்ற திருத்தங்களும் அவை முன் இருந்தன. வாக்கெடுப்பு வேளையில் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் கோரியது ஒன்றுதான்: குரலைக் கொண்டு முடிவு சொல்லாதீர்கள், வாக்குகளை எண்ணுங்கள். எண்ணப்படவில்லை. அமளிக்கிடையே குரல் வாக்கெடுப்பில் மசோதாக்கள் நிறைவேறியதாக அறிவிக்கப்பட்டது. மறுநாள் ராகேஷ், எளமரம் கரீம் உள்ளிட்ட எட்டு உறுப்பினர்கள் அவையிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டனர்.

மாநிலங்களவையின் விதி 252 இது பற்றித் தெளிவாகவே பேசுகிறது. குரல் வாக்கெடுப்பில் அவைத் தலைவர் அறிவிக்கும் முடிவு மறுக்கப்பட்டால், அவர் உறுப்பினர்களை எழுந்து நிற்கச் செய்து எண்ணலாம். அப்படிச் செய்யாவிடில் பிரிவு வாக்கெடுப்புக்கு உத்தரவிட வேண்டும். உறுப்பினர்கள் தத்தம் இருக்கைகளில் இல்லை என்பதே அன்று சொல்லப்பட்ட காரணம். எண்ணிப் பார்க்கப்படாத அந்த வாக்குகளின் விளைவாக, பல்லாயிரம் விவசாயிகள் ஓராண்டுக்கும் மேலாகத் தில்லியின் எல்லைகளில் வெயிலிலும் குளிரிலும் கிடக்க நேர்ந்தது. அந்தப் போராட்டத்தின் முன் அரசு பணிந்தது. 2021 நவம்பர் 29 அன்று, கூட்டத்தொடரின் முதல் நாளிலேயே, ரத்து மசோதா இரு அவைகளிலும் நிறைவேறியது. அதன் மீதும் விவாதம் அனுமதிக்கப்படவில்லை. சட்டம் ஏன் வந்தது என்பதற்கும் பதில் இல்லை, ஏன் போயிற்று என்பதற்கும் பதில் இல்லை.

அவை விதிகள் என்றால் சபாநாயகரும் வழக்கறிஞர்களும் மட்டுமே அறிந்திருக்க வேண்டிய நுணுக்கங்கள் என்ற எண்ணம் உழைக்கும் மக்கள் இயக்கங்களிலும் உண்டு. மேற்கண்ட நிகழ்வு அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ளச் சொல்கிறது. ஒரு மசோதா அறிமுகமாகும் நாளுக்கும் வாக்கெடுப்பு நாளுக்கும் இடைப்பட்ட காலமே, சட்டத்தால் பாதிக்கப்படப் போகிறவர்கள் அதை அறிந்து, கூடிப் பேசி, எதிர்ப்பைத் தெரிவிக்கக் கிடைக்கும் காலம். அந்தக் காலம் எவ்வளவு என்பதை விதிகள் தீர்மானிக்கின்றன.

விதிகளை யார் வகுக்கிறார்கள்?

அரசியலமைப்பின் 118ஆவது பிரிவு, நாடாளுமன்றத்தின் ஒவ்வொரு அவையும் தன் நடைமுறைக்கான விதிகளைத் தானே வகுத்துக்கொள்ளலாம் என்கிறது. மாநிலச் சட்டமன்றங்களுக்கு 208ஆவது பிரிவு அதே அதிகாரத்தைத் தருகிறது. நடைமுறை ஒழுங்கு தவறியது என்ற காரணத்தை மட்டும் காட்டி நாடாளுமன்ற நடவடிக்கைகளை நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாக்க முடியாது என்பது 122ஆவது பிரிவு. ஆக, விதியை எழுதுவதும் அவை, அதற்குப் பொருள் சொல்வதும் அவை, மீறப்பட்டதா எனத் தீர்ப்பதும் அவையே. அவை என்றால் நடைமுறையில் அதன் பெரும்பான்மையும் தலைமை இருக்கையும் என்று பொருள்.

விடுதலைக்குப் பின் விதிகள் புதிதாக எழுதப்படவில்லை. அரசியலமைப்பு நிர்ணய சபை சட்டமன்றமாக இயங்கியபோது இருந்த விதிகளையே சிற்சில மாற்றங்களோடு மக்களவைச் சபாநாயகர் 1952இல் ஏற்றுக்கொண்டார். அவற்றின் வேர், ஆட்சியாளர் மக்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்படாத காலனிய மத்தியச் சட்டசபையில் இருந்தது. மாநிலங்களவை தனக்கென விதிகளை 1964இல்தான் நிறைவேற்றிக்கொண்டது.

மக்களவை விதிகளில் மாற்றம் செய்ய, சபாநாயகர் தலைமையில் 15 பேர் கொண்ட விதிகள் குழு உள்ளது. அதன் அறிக்கை அவையில் வைக்கப்பட்ட ஏழு நாட்களுக்குள் எந்த உறுப்பினரும் திருத்தம் கொடுக்காவிடில் பரிந்துரைகள் ஏற்கப்பட்டதாகவே கருதப்படும். எந்த மசோதாவுக்கு எத்தனை மணி நேரம் என்பதை அலுவல் ஆலோசனைக் குழு முடிவு செய்கிறது. அந்த நேரம் கட்சிகளுக்கு அவற்றின் எண்ணிக்கைக்கேற்பப் பங்கிடப்படுகிறது. நான்கைந்து உறுப்பினர்கள் உள்ள கட்சிக்குச் சில நிமிடங்களே மிஞ்சும். மசோதாவுக்கான மொத்த நேரம் குறையும்போது முதலில் வாய் அடைக்கப்படுவது சிறிய கட்சிகளே.

மூன்று கட்டங்கள், மூன்று தப்பும் வழிகள்

ஒரு மசோதா மூன்று வாசிப்புகளைக் கடக்க வேண்டும். முதலாவது, அறிமுகம். இரண்டாவது, பரிசீலனை. இதில் மசோதாவின் கோட்பாடு குறித்த பொது விவாதமும், பின்னர் ஒவ்வொரு ஷரத்தாக எடுத்துத் திருத்தங்களோடு வாக்கெடுப்பும் நடைபெறும். மூன்றாவது, மசோதாவை நிறைவேற்றும் தீர்மானம். பரிசீலனைக் கட்டத்தில் மசோதாவைத் தெரிவுக்குழுவுக்கோ இரு அவைகளின் கூட்டுக்குழுவுக்கோ அனுப்பலாம். மக்கள் கருத்தறியச் சுற்றுக்கு விடவும் விதி 74 இடமளிக்கிறது. அறிமுகத்துக்கு இரண்டு நாட்கள் முன்பே மசோதாவின் பிரதி உறுப்பினர் கைக்கு வர வேண்டும் என்பது மக்களவைச் சபாநாயகரின் நிலையான வழிகாட்டுதல்.

படிக்கும்போது நல்ல ஏற்பாடாகத் தோன்றும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கதவு திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. முன்கூட்டியே பிரதி தரும் நிபந்தனையைச் சபாநாயகர் தளர்த்தலாம். குழுவுக்கு அனுப்புவது கட்டாயமில்லை. எந்த விதியையும் தற்காலிகமாக நிறுத்திவைக்க அவைத் தலைமையின் இசைவோடு தீர்மானம் கொண்டுவரலாம். விதிவிலக்கு அவசர காலத்துக்கு என்று எழுதப்பட்டது. இன்று விதிவிலக்கே வழக்கமாகிவிட்டது.

2019 ஜனவரி 8 அன்று, பொருளாதார அடிப்படையில் பத்து சதவீத இடஒதுக்கீடு தரும் அரசியலமைப்புத் திருத்த மசோதா மக்களவையில் அறிமுகமாகி அன்றே நிறைவேறியது. மறுநாள் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. அதே ஆண்டு ஆகஸ்ட் 5 அன்று, ஜம்மு-காஷ்மீர் மாநிலத்தையே இரண்டு யூனியன் பிரதேசங்களாகப் பிரிக்கும் மசோதா மாநிலங்களவையில் காலையில் அறிமுகமாகி மாலையில் நிறைவேறியது. அன்று அந்த மாநிலத்து மக்களுக்குத் தொலைபேசி இணைப்புகூட இல்லை.

குழுவில் செதுக்கப்பட்ட சட்டங்கள்

துறைசார் நிலைக்குழுக்கள் 1993இல் அமைக்கப்பட்டன. இப்போது 24 குழுக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். கேமரா இல்லாத அறையில், கட்சிக் கொறடாவின் கட்டளையின்றி, அதிகாரிகளை அழைத்துக் கேள்வி கேட்கலாம். தொழிற்சங்கங்களும் விவசாய அமைப்புகளும் சாட்சியம் அளிக்கலாம். மாற்றுக் கருத்துள்ள உறுப்பினர் தமது மறுப்புக் குறிப்பை அறிக்கையோடு இணைக்கலாம்.

இதனால் பயன் உண்டா என்போருக்கு இரண்டு சட்டங்களே விடை. 2005இல் அறிமுகமான வன உரிமை மசோதா, பட்டியல் பழங்குடியினரை மட்டுமே உள்ளடக்கியிருந்தது. 1980 அக்டோபர் 25க்கு முன்பு காட்டில் இருந்தவர்களுக்கே உரிமை என்றது. கிஷோர் சந்திர தேவ் தலைமையிலான கூட்டுக்குழு பழங்குடி அமைப்புகளின் கோரிக்கைகளைக் கேட்டறிந்தது. விளைவாக, பரம்பரையாகக் காட்டைச் சார்ந்து வாழும் பிறரும் சட்டத்துக்குள் வந்தனர்; கெடு நாள் 2005 டிசம்பர் 13 ஆக மாறியது. கால் நூற்றாண்டு இடைவெளி ஒரு குழு அறையில் அடைக்கப்பட்டது.

ஊரக வேலை உறுதிச் சட்டமும் அப்படித்தான். 2004 டிசம்பரில் வந்த மசோதா ஏழைக் குடும்பங்களுக்கு மட்டும் என்று வரம்பு கட்டியிருந்தது. வறுமைக் கோட்டுப் பட்டியலில் பெயர் விடுபட்டுத் தவித்தவர்களை நாடறியும். மசோதா ஊரக வளர்ச்சி நிலைக்குழுவுக்குச் சென்றது. அதன் தலைவர் பாஜகவின் கல்யாண் சிங். அவையின் உள்ளும் வெளியும் இடதுசாரிகளும் மக்கள் இயக்கங்களும் கொடுத்த அழுத்தமும் சேர்ந்தது. 2005 ஆகஸ்ட்டில் சட்டம் நிறைவேறியபோது, உடலுழைப்புக்கு முன்வரும் எந்த ஊரகக் குடும்பமும் வேலை கேட்கலாம் என்றாகியிருந்தது. அறிமுகத்துக்கும் நிறைவேற்றத்துக்கும் இடையே எட்டு மாதங்கள்.

அதே சட்டத்தை நீக்கி வேறொன்றைக் கொண்டுவரும் மசோதா 2025 டிசம்பர் 16 அன்று மக்களவையில் அறிமுகமானது. நிலைக்குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்ற எதிர்க்கட்சிகளின் கோரிக்கை ஏற்கப்படவில்லை. 18ஆம் தேதி மக்களவையிலும், அன்றிரவு நள்ளிரவைக் கடந்து மாநிலங்களவையிலும் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. எட்டு மாதங்கள் எடுத்துக் கட்டியதை மூன்று நாட்களில் இடித்தார்கள். வேலை அட்டையை வைத்திருந்த விவசாயத் தொழிலாளிக்கு விஷயம் தெரியவரும் முன்பே எல்லாம் முடிந்திருந்தது.

தனித்த நிகழ்வுகள் அல்ல இவை. பி.ஆர்.எஸ். சட்ட ஆய்வு அமைப்பின் கணக்குப்படி, 15ஆவது மக்களவையில் 71 சதவீத மசோதாக்கள் குழுக்களின் ஆய்வுக்குச் சென்றன. 17ஆவது மக்களவையில் சென்றவை 16 சதவீதம். அந்த அவையில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான மசோதாக்கள் மக்களவையில் ஒரு மணி நேரம்கூட விவாதிக்கப்படாமல் நிறைவேறின. முதல் மக்களவை தன் காலத்தில் 677 நாட்கள் கூடியது. 17ஆவது மக்களவை கூடியது 274 நாட்கள்.

பண மசோதா எனும் குறுக்குவழி

குழுவைத் தவிர்ப்பது ஒரு வழி என்றால், ஓர் அவையையே தவிர்ப்பது இன்னொரு வழி. பண மசோதாவை மாநிலங்களவை திருத்தவோ நிராகரிக்கவோ முடியாது. 14 நாட்களுக்குள் பரிந்துரையோடு திருப்பி அனுப்பலாம், அவ்வளவே. எது பண மசோதா என்பதில் சபாநாயகரின் முடிவே இறுதியானது என்கிறது 110ஆவது பிரிவு.

2016இல் ஆதார் மசோதா பண மசோதாவாகவே கொண்டுவரப்பட்டது. மாநிலங்களவை பரிந்துரைத்த திருத்தங்களை மக்களவை அன்றே தள்ளிவிட்டது. 2018இல் உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மைத் தீர்ப்பு இதை ஏற்றது. நீதிபதி சந்திரசூட் தமது மாறுபட்ட தீர்ப்பில், இது அரசியலமைப்பின் மீதான மோசடி என்று கண்டித்தார்.

2017ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தின் கதை இன்னும் கொடியது. வரி விகிதங்களோடு சேர்த்து, மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், ரிசர்வ் வங்கிச் சட்டம், கம்பெனிகள் சட்டம் ஆகியவற்றைத் திருத்தும் ஷரத்துகளும் அதில் நுழைக்கப்பட்டன. கார்ப்பரேட்டுகள் பெயர் தெரியாமல் கட்சிகளுக்குப் பணம் தரும் தேர்தல் பத்திரத் திட்டத்துக்கு அப்படித்தான் வழி திறந்தது. அரசுக்குப் பெரும்பான்மை இல்லாதிருந்த மாநிலங்களவை அதைத் தடுக்க இயலவில்லை. பத்திரங்களின் வழியே பணம் பெற மறுத்த மார்க்சிஸ்ட் கட்சி உள்ளிட்டோர் தொடுத்த வழக்கில், 2024 பிப்ரவரி 15 அன்று ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக அத்திட்டத்தை ரத்து செய்தனர். அதற்குள் இரண்டு மக்களவைத் தேர்தல்களுக்கு இடைப்பட்ட காலம் முழுவதும் அந்தப் பணம் புழங்கி முடிந்திருந்தது.

பட்ஜெட்டுக்கும் இதே கதிதான். மானியக் கோரிக்கைகளில் சிலவற்றை விவாதித்து, மீதியைக் கெடு முடியும் நாளில் ஒட்டுமொத்தமாக வாக்கெடுப்புக்கு விடுவதைக் கில்லட்டின் என்பார்கள். 2023 மார்ச்சில் ஏறத்தாழ 45 லட்சம் கோடி ரூபாய் பட்ஜெட், எந்த அமைச்சகத்தின் கோரிக்கையும் விவாதிக்கப்படாமல் மக்களவையில் நிறைவேறியது. 2018இலும் அவ்வாறே நடந்தது.

எண்ணப்படும் வாக்கின் வலிமை

பிரிவு வாக்கெடுப்பில் ஒவ்வோர் உறுப்பினரின் வாக்கும் பெயரோடு பதிவாகிறது. குரல் வாக்கெடுப்பில் யாரும் எதற்கும் பொறுப்பில்லை. 2015 மார்ச் 3 அன்று, குடியரசுத் தலைவர் உரைக்கு நன்றி கூறும் தீர்மானத்தில், ஊழலையும் கறுப்புப் பணத்தையும் கட்டுப்படுத்தத் தவறியதைச் சுட்டும் திருத்தத்தைத் தோழர் சீத்தாராம் யெச்சூரி வலியுறுத்தினார். வாக்குகள் எண்ணப்பட்டன. ஆதரவு 118, எதிர்ப்பு 57. அரசு தோற்றது. இடதுசாரி உறுப்பினர்கள் எண்ணிக்கையில் சிலரே. விதியைப் பற்றிக்கொண்டு எண்ணும்படி வற்புறுத்தியதால் அவையின் உண்மையான நிலை வெளிப்பட்டது.

எண்ணுவதைத் தவிர்க்க முடியாதபோது, எண்ணப்பட வேண்டியவர்களையே வெளியேற்றும் வழக்கம் வந்துவிட்டது. 2023 குளிர்காலக் கூட்டத்தொடரில், நாடாளுமன்றப் பாதுகாப்பு மீறல் குறித்து உள்துறை அமைச்சர் அறிக்கை அளிக்க வேண்டும் என்று கேட்டதற்காக இரு அவைகளிலும் 146 உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டனர். நாட்டின் குற்றவியல் சட்டங்கள் மூன்றையும் மாற்றும் மசோதாக்கள் அந்த நாட்களில்தான் நிறைவேறின. இடைநீக்கத்தில் இருப்பவர் பேச முடியாது, திருத்தம் முன்மொழிய முடியாது, வாக்களிக்கவும் முடியாது. அவரைத் தேர்ந்தெடுத்த மக்களுக்கும் அன்று அவையில் குரல் இல்லை.

தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் வெற்று இருக்கைகளுக்கு முன்னே பிறந்தவையே. 2019இல் வந்த பழைய வரைவுகள் நிலைக்குழுவுக்குச் சென்றன. பின்னர் அவற்றைத் திரும்பப் பெற்று, மாற்றி எழுதப்பட்ட மூன்று மசோதாக்களை 2020 செப்டம்பர் 19 அன்று அறிமுகம் செய்தனர். எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்திருந்த நிலையில் 22, 23 தேதிகளில் இரு அவைகளும் அவற்றை நிறைவேற்றின. ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி பெற வேண்டிய ஆலைகளின் வரம்பு 100 தொழிலாளர் என்பதிலிருந்து 300 ஆக உயர்ந்தது. 299 பேர் வேலை செய்யும் ஆலையின் தொழிலாளிக்கு இது நடைமுறை நுணுக்கம் அல்ல, வேலை போகும் விஷயம்.

எழும் கேள்விகள்

பெரும்பான்மை உள்ள அரசு எப்படியும் நிறைவேற்றிக்கொள்ளும். விவாதத்தால் தாமதம்தானே மிச்சம் என்று கேட்கப்படுகிறது. அரசியலமைப்பு நிர்ணய சபையில் காங்கிரசுக்கு இருந்த பெரும்பான்மை இன்றைய எந்தக் கட்சிக்கும் இல்லை. எனினும் அங்கே வரைவின் மீது 7,635 திருத்தங்கள் கொடுக்கப்பட்டன. 2,473 திருத்தங்கள் முன்மொழியப்பட்டு விவாதிக்கப்பட்டன. 1949 நவம்பர் 25 அன்று நிறைவுரை ஆற்றிய அம்பேத்கர், தம்மை விடாமல் எதிர்த்துப் பேசிய காமத், கே.டி. ஷா போன்றவர்களின் பெயர்களைச் சொல்லிப் பாராட்டினார். எல்லோரும் கட்சிக் கட்டளைக்குத் தலையாட்டியிருந்தால் அந்த நடவடிக்கைகள் சப்பென்று போயிருக்கும் என்பதே அவர் கருத்து.

விவாதம் நடந்தும் தோற்பதும் உண்டு. வக்ஃப் திருத்த மசோதா கூட்டுக்குழுவுக்குச் சென்றது. எதிர்க்கட்சிகளின் திருத்தங்கள் அங்கே நிராகரிக்கப்பட்டன. ஆனால் 2025 ஏப்ரலில் மக்களவையில் 288க்கு 232 என்றும், மாநிலங்களவையில் 128க்கு 95 என்றும் வாக்குகள் பதிவாயின. எந்தக் கட்சி எந்தப் பக்கம் நின்றது என்பதை மக்கள் மன்றத்தில் எடுத்துச் சொல்ல அந்தப் பதிவு போதும்.

பாஜக மட்டுமா இப்படி என்ற கேள்வியும் நியாயமானதே. 2014 பிப்ரவரி 18 அன்று, காங்கிரஸ் ஆட்சியில், தெலங்கானா மசோதா கதவுகள் மூடப்பட்டு, நேரடி ஒளிபரப்பு நிறுத்தப்பட்டுக் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. 2013இலும் பட்ஜெட் விவாதமின்றியே நிறைவேறியது. ஆளும் வர்க்கக் கட்சிகள் எதிர்க்கட்சி வரிசையில் அமரும்போது விதியின் அருமையை உணர்கின்றன. ஆட்சிக்கு வந்ததும் மறந்துவிடுகின்றன. ஆகவே நல்லெண்ணத்தை நம்பாமல், விருப்புரிமையைக் கட்டாய விதியாக மாற்றுவதே வழி.

கேரளச் சட்டமன்றம் 1980இலேயே, இடது ஜனநாயக முன்னணி ஆட்சியில், நாட்டுக்கு முன்னோடியாகப் பொருள்சார் குழுக்களை அமைத்தது. நாடாளுமன்றத்துக்கு 13 ஆண்டுகள் முந்திய ஏற்பாடு அது. மசோதாக்கள் குழுவைக் கடந்தே வர வேண்டும் என்பது அங்கு நடைமுறை. அதிலும் குறை உண்டு: துறை அமைச்சரே குழுவின் தலைவர். தன் மசோதாவைத் தானே ஆய்வு செய்யும் ஏற்பாடு அது. இக்குறையைக் களைவதும் இடதுசாரிகள் முன்னுள்ள பணியே.

கோர வேண்டியவை, செய்ய வேண்டியவை

அவசரமல்லாத மசோதாக்கள் அனைத்தும் தாமாகவே நிலைக்குழுவுக்குச் செல்ல வேண்டும். அனுப்பாவிடில் அரசு அவையில் எழுத்து மூலம் காரணம் கூற வேண்டும். திருத்தி மீண்டும் கொண்டுவரப்படும் மசோதாவுக்கும் இது பொருந்த வேண்டும். ஓர் உறுப்பினர் கோரினாலும் இறுதி வாக்கெடுப்பு பெயரோடு பதிவாக வேண்டும். அறிமுகத்துக்கும் பரிசீலனைக்கும் இடையே குறைந்தபட்ச நாட்கள் விதியில் எழுதப்பட வேண்டும். துணைச் சபாநாயகர் தேர்தலுக்குக் கெடு வேண்டும். 17ஆவது மக்களவை தன் ஐந்தாண்டுகளையும் துணைச் சபாநாயகர் இல்லாமலே முடித்தது. பண மசோதா குறித்த சபாநாயகரின் சான்று நீதிமன்ற ஆய்வுக்கு உட்பட வேண்டும்.

இவற்றை எந்த அரசும் தானாகத் தராது. 2015இல் நிலம் கையகப்படுத்தும் சட்டத்தின் பாதுகாப்புகளை நீக்கும் மசோதா மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவையில் எண்ணிக்கை இல்லாததால் கூட்டுக்குழுவுக்கு அனுப்ப அரசு நிர்ப்பந்திக்கப்பட்டது. அந்த மாதங்களில் விவசாயிகள் அமைப்புகள் நாடெங்கும் ஒன்றுதிரண்டன. அவசரச் சட்டம் ஆகஸ்ட் 31 அன்று காலாவதியானது. மீண்டும் பிறப்பிக்கும் துணிவு அரசுக்கு இல்லை. குழு நேரம் வாங்கித் தந்தது. அந்த நேரத்தை மக்கள் போராட்டம் பயன்படுத்திக்கொண்டது. ஒன்றில்லாமல் மற்றொன்று அந்த வெற்றியைத் தந்திருக்காது.

உறுப்பினர்கள் உடனே செய்யக்கூடிய வேலைகளும் உண்டு. நிலைக்குழுவுக்கு ஒரு மசோதா சென்றால், பொதுமக்களின் கருத்து கேட்டு விளம்பரம் வருகிறது. பெரும்பாலும் அதற்குப் பதில் அனுப்புவோர் தொழில் கூட்டமைப்புகளும் பெருநிறுவனங்களின் சட்டப் பிரிவுகளுமே. சங்கக் கிளைகளும் விவசாயத் தொழிலாளர் அமைப்புகளும் மாதர், மாணவர் அமைப்புகளும் தங்கள் பகுதி அனுபவத்தை எழுதி அனுப்பும் வழக்கம் வளர வேண்டும். மசோதா வரும் நாளிலேயே அதன் சாரத்தைத் தமிழில் எழுதிக் கிளைக்கூட்டத்தில் வாசிக்க வேண்டும். தொகுதியின் உறுப்பினர் எந்த மசோதாவில் என்ன பேசினார், எப்படி வாக்களித்தார் என்பதைத் தெருமுனையில் சொல்ல வேண்டும். அவர் வாக்கு பதிவாகவே இல்லையென்றால், ஏன் பதிவாகவில்லை என்று அவரிடமே கேட்க வேண்டும். அந்தக் கேள்வி ஒவ்வொரு தொகுதியிலும் எழும் நாளில்தான் அவைக்குள்ளும் வாக்குகள் எண்ணப்படத் தொடங்கும்.